கடல் சிப்பி மலைக்குளத்தைச் சுத்தம் செய்யுமா?

கேள்வி: ஐயா, கேரட் தோட்டத்தை ஒட்டிச் சின்னக் குளம் வெட்டி கண்ணாடிக் கெண்டை வளர்க்கிறேன். வழியும் தண்ணீர் ஓடைக்குப் போகிறது. கோடையில் ஓடை பச்சையாகி வாடை அடிப்பதால் கீழே இருப்பவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கடல் கூண்டில் மீன் வளர்க்கும் என் மச்சான், கூண்டைச் சுற்றிச் சிப்பி தொங்கவிட்டால் மீன் கழிவை அது தின்றுவிடும் என்கிறார். ஒரு மூட்டை கொண்டுவந்து குளத்தில் போடலாமா? – கோத்தகிரி வாசகர்

பதில்: வேண்டாம், கொண்டுவராதீர்கள். கடல் சிப்பி நல்ல தண்ணீரில் வாயை மூடிக்கொண்டு கிடந்து சில நாளில் செத்துவிடும். அப்புறம் அந்தச் சதை அழுகி, அதிலிருந்து வரும் அம்மோனியாவும் உங்கள் குளத்தில்தான் சேரும்.

ஆனால் மச்சான் சொன்னது பொய் இல்லை. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் தியெரி ஷோப்பான் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் சால்மன் கூண்டுகளுக்குப் பக்கத்திலேயே மஸல் சிப்பியும் கெல்ப் என்ற பெரிய கடற்பாசியும் வளர்த்துக் காட்டினார்கள். மஸல் என்பது கேரளத்தில் கல்லுமக்காய் என்று வறுத்துச் சாப்பிடுகிறார்களே, அந்தக் குடும்பம்தான். வளர்ந்த ஒரு மஸல் ஒரு மணி நேரத்தில் சில லிட்டர் தண்ணீரைச் செவுள் வழியே இழுத்து, அதில் மிதக்கும் பொடியைப் பிடித்துத் தின்னும். பொடியை மட்டும்தான் என்பதை நன்றாகக் கவனியுங்கள், பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மீன் தின்னும் தீவனத்தில் இருக்கிற நைட்ரஜனில் பாதிக்கு மேல் தண்ணீருக்கே போகிறது, அதிலும் பெரும்பகுதி மீனின் செவுள் வழியே அம்மோனியாவாகக் கரைந்து வெளியேறுவதால் சிப்பிக்கு அது நேரடியாகக் கிடைக்கவே கிடைக்காது, பாசிதான் அதை உறிஞ்ச முடியும். கனமான எச்சமும் மிச்சத் தீவனமும் நேராக அடியில் போய் உட்காரும். அதைத் தின்ன கடல் அட்டை போன்ற உயிர்கள் வேண்டும், நம் நாட்டிலோ கடல் அட்டையைப் பிடிக்க 2001 முதல் தடை இருக்கிறது. போதாததற்கு சிப்பியும் எச்சம் போடும், அதுவும் கீழேதான் விழும்.

அதனால்தான் மண்டபம் பக்கத்தில் முனைக்காட்டில் கடல் விரால் கூண்டுகளைச் சுற்றிக் கடற்பாசி மிதவைகளைக் கட்டினார்கள், மீன் விட்ட உரத்தில் பாசி நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அங்கே கட்டிய கப்பாபைகஸ் பாசி வெளிநாட்டு இனம், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்து பெரிய கவலையானது. எந்த உயிரையும் இடம் மாற்றும்போது எனக்குப் பயம் வருவது இதனால்தான், அதுவும் உண்ணிச்செடியும் சீகை மரமும் ஏறிப் பாழாக்கிய நீலகிரியில் இன்னொன்றைக் கொண்டுவந்து விட மனசு வரவில்லை.

சரி, நல்ல தண்ணீர் மட்டியை விடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். நம் சமவெளிக் குளங்களில் இருப்பதுதான், அதுவும் வடிகட்டித் தின்னும். ஆனால் கெண்டைக்குத் தொண்டையில் அரைக்கும் பல் உண்டு, சின்ன மட்டியை நொறுக்கித் தின்றுவிடும். தப்பிய மட்டியின் குஞ்சுகளோ சில காலம் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு வாழும். மேலும் கெண்டை அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கிற மீன் (1939ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்ததிலிருந்து அதன் பழக்கம் மாறவில்லை), அந்தக் கலங்கலில் மட்டிக்கு மூச்சு முட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது குளத்துக்கு வெளியே. தண்ணீர் வழியும் இடத்தில் இன்னொரு சின்னத் தொட்டி கட்டி, தண்ணீர் அசையாமல் நின்று வண்டல் படிய விடுங்கள். வண்டலைச் சேர விடாமல் அடிக்கடி அள்ளி மட்க வைத்து கேரட்டுக்குப் போடுங்கள், நாள் ஆக ஆக அதிலிருக்கும் சத்து திரும்பத் தண்ணீரில் கரைந்துவிடும். அங்கிருந்து ஓடைக்குப் போகிற வாய்க்காலை வளைத்து நீளமாக்கி வெட்டிவேரோ கோரையோ நட்டு, வளர வளர அறுத்து வெளியே எடுங்கள். அறுக்காமல் விட்டால் அது அங்கேயே அழுகும், பலன் இல்லை. தீவனத்தையும் பாருங்கள். உறைபனி விழும் மாதங்களில் கெண்டை சரியாகத் தின்னாது, அப்போதும் பழைய அளவே போட்டால் அத்தனையும் அடியில் சேர்ந்து, வெயில் வந்ததும் பச்சையாகக் கிளம்பும். உங்கள் ஓடைக்கு இதுதான் நடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: மீன் பண்ணைப் பக்கம் வளர்ந்த சிப்பியைச் சாப்பிடலாமா? – கொடைக்கானல் வாசகி

பதில்: சாப்பிடலாம், ஆனால் வடிகட்டும் உயிர் என்பதால் தண்ணீரில் இருக்கும் கிருமி, ஈயம், காட்மியம் எல்லாம் அதன் உடம்பில் சேரும். சுத்தமான கடல் நீரில் ஒன்றிரண்டு நாள் உயிரோடு வைத்துக் கழுவிய பிறகே விற்க வேண்டும். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். உலோகமும் சிலவகைப் பாசியின் நஞ்சும் வேகவைத்தாலும் போகாது, அதனால் எந்தக் கடலில் வளர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள்.