அகதிகளுக்காகக் குரல் கொடுக்கும் தொண்டு நிறுவனங்களில் இருப்பவர்கள் அன்றாடம் என்னதான் செய்கிறார்கள்?

இந்த வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலும் காகிதத்தோடுதான் எங்கள் பொழுது போகிறது. அரிசி, போர்வை கொடுப்பதும் கூட்டங்களில் பேசுவதும் உண்டு, ஆனால் அவை எப்போதாவதுதான். பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், மனு, அதற்கு வந்த பதில், பதிலுக்கு மறு மனு. இதுதான் வேலை.

நான் தமிழ்நாட்டில் ஓர் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவள். 1990-இல் மறுபடி சண்டை தொடங்கியபோது அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து படகேறினார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் அவர்களைப் பதிந்து, அங்கிருந்து வேறு மாவட்டத்து முகாமுக்கு அனுப்பினார்கள். படித்து முடித்து இப்போது முகாம் மக்களுக்கான ஒரு சின்ன நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். கூட வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் என்னைப் போல முகாம் பிள்ளைகள்தான்.

அகதிகளே அகதிகளுக்காக வேலை செய்வது இங்கே புதிதல்ல. இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தொடங்கியது. முகாம்களில் அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரான 'ஓஃபர்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அதை நிறுவியவர் இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன், வழக்கறிஞர் எஸ்.சி. சந்திரகாசன். அவரும் இங்கே தஞ்சம் புகுந்தவர்தான். 1985-இல் இந்திய அரசு அவரையே நாடு கடத்த உத்தரவிட்டது, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் பின்வாங்கியது. யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களுடைய நிலைமையேதான் பேசுகிறவருக்கும். இன்றுவரை அது மாறவில்லை.

காகிதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று இங்கே தனிச்சட்டமும் இல்லை. 2003-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவர்கள் எல்லோரும் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற வகைக்குள் வந்துவிட்டார்கள். 2019-இல் இதற்கு விலக்கு தந்த திருத்தத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மட்டும்தான் உண்டு. இலங்கை இல்லை. ஆகவே ஒரு மனிதரின் கதி ஒரு தேதியில் நிற்கிறது.

அந்தத் தேதிகளில் ஒன்று 1987 ஜூலை 1. அதற்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். சட்டத்தில் இது எப்போதும் இருந்ததுதான். ஆனால் முகாமில் இருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தச் செய்தி வந்த பிறகு "நானும் எண்பத்தாறுதான் தங்கச்சி" என்று கையில் பிளாஸ்டிக் கவரோடு வரத் தொடங்கினார்கள்.

கவரைப் பிரித்தால்தான் சிக்கல் தெரியும். அரசு மருத்துவமனையின் பிறப்புப் பதிவில் பெயர் இருக்காது, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். அம்மாவின் பெயர் அதில் ஒரு மாதிரி, முகாம் பதிவேட்டில் இன்னொரு மாதிரி. சில வீடுகளில் அந்தச் சான்றிதழும் கிடையாது. பிரசவம் ஓலைக் குடிசையில் நடந்திருக்கும்.

இப்படி வருகிறவர்களிடம் எங்கள் அலுவலகத்து மூத்த அண்ணன் பேசுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். "எந்த வருஷம்?" என்று அவர் கேட்பதே இல்லை. வயதான அம்மாவை உட்கார வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, "இந்திய ராணுவம் யாழ்ப்பாணம் போச்சுன்னு ரேடியோவில சொன்னப்போ உங்க மகன் தவழ்ந்தானாம்மா, நடந்தானா?" என்பார். அம்மா கொஞ்சம் யோசித்து, "நடந்தவன், தம்பி. ரேடியோவை இழுத்து விழுத்தினதே அவன்தான்" என்பார். ராணுவம் போனது 1987 ஜூலைக் கடைசியில். நடந்த பிள்ளை என்றால் அதற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு முன்னதாவது பிறந்திருக்க வேண்டும். இது நீதிமன்றத்துக்குச் சாட்சியம் ஆகாது, சரி. ஆனால் எந்த ஆண்டுப் பதிவேட்டைத் தேடுவது, எந்த ஊராட்சியில் கேட்பது, எந்தப் பள்ளியின் சேர்க்கைப் புத்தகத்தைப் புரட்டச் சொல்வது என்று வழி தெரிந்துவிடும். இதற்குப் பொறுமை வேண்டும், அந்த மக்களுடைய காலக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பட்டம் வாங்கியவர்களைவிட முகாமில் வளர்ந்தவர்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மலையகத் தமிழர், அதாவது இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள், அவர்களுடைய வழக்குகள் இதைவிடச் சிரமமானவை. 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த குடும்பங்கள், அது கைக்கு வருமுன் கலவரத்தில் சிக்கி அகதிகளாக வந்து சேர்ந்தன. இரண்டு நாட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. தாத்தாவின் தோட்டப் பதிவைத் தேடிப் பேரப்பிள்ளை அலைகிறான்.

ஊர் திரும்ப நினைப்பவர்களும் வருவார்கள். போங்கள் என்றோ இருங்கள் என்றோ நாங்கள் சொல்வதில்லை. 1992-இல் மக்களைத் திருப்பி அனுப்பியபோது, அவர்களிடம் ஒப்புதல் வாங்கிய படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்ற புகார் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. புரியாத காகிதத்தில் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதில் மூத்தவர்கள் இன்றும் கண்டிப்பாக இருக்கிறார்கள். 2025-இல் இங்கிருந்து முறைப்படி திரும்பிய ஒரு முதியவரைப் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். முன்பு கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனதுதான் குற்றமாம். அதைக் கேட்டதும் போகத் தயாராக இருந்தவர்கள் பையைத் திரும்ப வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன ஆறுதல் சொல்வது?

சம்பளம் குறைவு. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் அடக்கினார்கள். பெரிய நிறுவனம் வாங்கிய அந்தப் பணத்தைச் சிறிய நிறுவனத்துக்குப் பகிர்வதையும் தடுத்துவிட்டார்கள். சின்ன அலுவலகங்கள் அப்போது பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்புறம், முகாமில் செக்கிங் நாள் வந்தால் எங்கள் அலுவலகம் பாதி காலியாகிவிடும். வருவாய் ஆய்வாளர் முன் நேரில் நின்றால்தான் அந்த மாதப் பணக்கொடை. நாங்களும் வரிசையில் நிற்க வேண்டியவர்கள்தானே.

நான் 1987-க்குப் பின் பிறந்தவள். மற்றவர்களுக்கு எழுதித் தருகிற மனுவை எனக்காக எழுத முடியாது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மேல் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காக நடவடிக்கை இல்லை என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஆணையிட்டது. பெரிய நிம்மதிதான். ஆனால் அது குடியுரிமை அல்ல. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே உழைக்கிற எங்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு மனுவிலும் எழுதுகிறோம்.

கேள்வி கேட்டவருக்கு இந்த வேலையில் சேரும் எண்ணம் இருந்தால் தயங்க வேண்டாம். சட்டம் படிக்கிற பிள்ளைகள் விடுமுறையில் வந்தால்கூடப் போதும். பழைய பதிவுகளை ஸ்கேன் செய்து வரிசைப்படுத்த ஆள் வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் மனு தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். முகாமுக்குள் வர முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் அலுவலகத்துக்கு வாருங்கள், அங்கேயே நிறையக் கோப்புகள் காத்திருக்கின்றன.