கம்பெனியில் சரியாக இருக்கிறேன், வீட்டில் முடியவில்லை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. குடித்துவிட்டு அடிக்கும் கணவரை விட்டு மகளோடு அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கம்பெனியில் துணியில் ஊசி ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. வீட்டுக்கு வந்தால் அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோகிறது. ஸ்கூல் ஃபீஸ் கட்டத் தேதி தாண்டிவிடுகிறது. என்ன குழம்பு வைப்பது என்று கேட்டால்கூடப் பதில் வருவதில்லை. வாசலில் பைக் நின்றால் கை நடுங்குகிறது. "அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே கண்ணு, இன்னும் என்ன?" என்கிறார் அம்மா. நான் சோம்பேறியாகிவிட்டேனா?

- பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

சோம்பேறியாக இருந்தால் கம்பெனியிலும் அப்படித்தானே இருந்திருப்பீர்கள்? அங்கே மணி அடித்தால் டீ, மணி அடித்தால் வேலை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். நீங்கள் அடி வாங்கியது வீட்டில். பைக் சத்தத்தை வைத்தே இன்றைய ராத்திரி எப்படி இருக்கும் என்று கணித்துக் கணித்துப் பழகியிருப்பீர்கள். ஆள் மாறி, வீடு மாறியும் உடம்பு அந்தக் காவலை விடவில்லை. கவனமெல்லாம் அதற்கே போனால் பாலுக்கு எங்கே மிஞ்சும்?

ஒன்று கேட்கிறேன். தலையில் பலமாக அடி பட்டதுண்டா? கழுத்தை நெரித்திருக்கிறாரா? மறதிக்கு அதுவும் காரணமாகலாம். ஆலோசகர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை, எல்லாம் மனசு என்று விட்டுவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். அங்கேயே மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். ராத்திரியில் படபடப்பு தாங்கவில்லை என்றால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

அதுவரை நினைவை நம்பி இருக்க வேண்டாம். ஃபீஸ் தேதிக்குப் போனில் அலாரம். வாரத்துக்கான குழம்பை ஞாயிற்றுக்கிழமையே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பைக் நின்றால் எட்டிப் பார்த்து, யார் வந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், அவர் இப்போதும் அந்தப் பக்கம் வருகிறாரா? வந்தால் உங்கள் பயம் நியாயமானது, அதற்கு மூச்சுப்பயிற்சி மருந்தல்ல. பிரிந்து வாழ்பவரும் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை, அதாவது அவர் உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு, கேட்டு மனு போடலாம். பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தால் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை எப்படிப் பார்ப்பது என்று சொல்வார்கள். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மகளின் செலவுக்கான பணத்தையும் அதே மனுவில் கேளுங்கள்.