ஏரிகளை எண்ணிய பர்க்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன ஞாயிறு தருமபுரி வாசகர் வட்டத்தில், பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றவாதியும் சிந்தனையாளருமான எட்மண்ட் பர்க் பற்றிப் பேசினேன். சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பாலக்கோடு வாசகர்: பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்தவர், வலதுசாரி. அவரை நாம் ஏன் படிக்க வேண்டும் சார்?

தம்பி, முதலில் ஆண்டைப் பாருங்கள். புரட்சியை எதிர்த்து அவர் எழுதியது 1790இல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1785 பிப்ரவரி 28 அன்று, ஆற்காடு நவாப் வாங்கிய கடனைப் பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் பேசினார். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களே நவாபுக்கு வட்டிக்கு விட்டு, அந்தக் கடனைக் குடியானவன் தலையில் கட்டிய கதையை அங்கே போட்டு உடைத்தார். செங்கல்பட்டுப் பக்கத்துக் கம்பெனி ஜாகீரின் (நவாப் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த நிலப்பகுதி) வரைபடத்தை விரித்து, ஏரிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். இரண்டு மூன்று ஏக்கர் குட்டையிலிருந்து ஐந்து மைல் சுற்றளவு ஏரிவரை ஆயிரத்து நூறுக்கு மேல் வந்தது. இவையே உண்மையான அரசர்களின் நினைவுச் சின்னங்கள், பிறக்காத பிள்ளைகளையும் தம் பிள்ளையாக எண்ணியவர்கள் விட்டுச் சென்ற சொத்து என்றார்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். மதகுக் கல்லில் கயிறு உரசி விழுந்த தடம் விரல் போகும் ஆழத்துக்கு இருக்கும். அந்தக் கல்லை நட்டவன் பேர் யாருக்கும் தெரியாது, தண்ணீர் மட்டும் இன்றும் வயலுக்குப் பாய்கிறது. செத்தவர், இருப்பவர், இனி பிறப்பவர் மூவரும் சேர்ந்த கூட்டே சமூகம் என்று பர்க் பின்னாளில் எழுதியதும் இதைத்தான். அவருடைய பழமைவாதம் இதுதான். இதைப் பிற்போக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது அநியாயம்.

அரூர் வாசகி: அம்பேத்கரைப் படிப்பவர்களுக்கு இவர் எதிரி இல்லையா?

அம்மா, 'சாதி ஒழிப்பு' உரையில் (1936) மதம் பற்றிய பர்க்கின் வாக்கியம் ஒன்றை எடுத்துக்காட்டி, தனக்கும் உடன்பாடு என்கிறார் அம்பேத்கர். சாதியைக் காக்கும் விதிகளின் மதம் ஒழிய வேண்டும் என்று அவர் வாதாடும் இடம் அது. ஒரு பக்கம் முன்னும் பின்னும் சேர்த்துப் படியுங்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர்: ஆற்காடு கடன் பற்றிய அந்த உரையில் பர்க், மைசூரை ஆண்ட ஹைதர் அலியைக் கொடூரன் என்கிறாரே?

ஆமாம், கடுமையான சொல்தான். ஆனால் குற்றவாளிக் கூண்டில் அவர் நிறுத்துவது யாரை? வாக்குத் தவறிய கம்பெனிக்காரர்களை. ஹைதரின் சீற்றத்தை அவர்களே தேடிக்கொண்டார்கள் என்பதுதான் வாதம்.

கிருஷ்ணகிரி வாசகர்: அப்படியானால் ஹைதர் செய்ததை நியாயப்படுத்துகிறீர்களா?

இல்லை ஐயா. 1780இல் ஹைதர் படை செங்கம் கணவாய் வழியாக இறங்கியது. அப்போது நம் பாராமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) ஹைதர் கையில் இருந்தது. கீழே ஆற்காடு நவாபின் கர்நாடகச் சமவெளி எரிந்தது, குழந்தை குட்டிகளோடு சனம் ஓடியது. அதைப் பர்க் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. படையெடுத்தவனையும் அதற்குக் காரணமான கந்துவட்டிக்காரனையும் ஒரே பேச்சில் காட்டினார். நீங்கள் ஹைதரை மட்டும் பேசச் சொல்கிறீர்கள், காவேரிப்பட்டணத்துக்காரர் கம்பெனியை மட்டும். இரண்டு சீட்டுக்கும் இதுவே பதில், மூன்றாவது சீட்டு வேண்டாம்.

ஓசூர் வாசகர்: "நல்லவர்கள் சும்மா இருந்தால் தீமை வெல்லும்" என்று அவர் சொன்னது...

சொல்லவில்லை. அவர் எழுத்தில் எங்கும் அது இல்லை. வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

பென்னாகரம் வாசகர்: இன்று இருந்தால் எந்தக் கட்சி?

இந்தக் கேள்வி வருவது இது நான்காவது முறை. அவர் அன்றைய இங்கிலாந்தின் விக் கட்சிக்காரர், அரசர் பக்கம் சாய்ந்த டோரி அல்ல. 1797இல் இறந்தவருக்கு நம் கட்சிக் கொடியைக் கட்டாதீர்கள். ஆண்டைப் பாருங்கள்.

மொரப்பூர் வாசகர்: சாமானிய மக்களைப் பன்றிக் கூட்டம் என்றாரே?

சொன்னார். 1790 நூலில் இருக்கிறது. தவறு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கம்பெனி ஆட்சியே கூடாது என்றும் அவர் கேட்கவில்லை. ஆனால் அமெரிக்கக் குடியேற்றங்களோடு சமாதானம் கேட்டவர், அயர்லாந்து வணிகத்துக்காகவும் கத்தோலிக்கருக்காகவும் பேசிப் பிரிஸ்டல் தொகுதியை இழந்தவர், வங்காளத்தில் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸைக் கூண்டில் ஏற்றி 1788 முதல் 1795 வரை வழக்கு நடத்தியவர். ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். ஏழு வருஷம் வங்காளத்து ஏழைக்காக வாதாடியவரை அந்த ஒரு சொல்லால் மட்டும் எடை போடுவீர்களா?

ஊத்தங்கரை வாசகர்: எங்கள் ஏரியில் ஆக்கிரமிப்பு, என்ன செய்வது?

வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். புல எண்ணும் வரைபடமும் கையில் இருக்கட்டும்.