மீட்கப்பட்ட ஆமைக் குஞ்சுகளுக்கு வீட்டில் எப்படி இடம் அமைப்பது?

பினாங்கு ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடிக் குப்பைத்தொட்டியருகே பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்த இரண்டு ஆமைக் குஞ்சுகளை எடுத்து வந்து, எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருப்பதாகச் சொல்வதால், அவை வட அமெரிக்கச் செங்காது ஆமைகளாகத்தான் இருக்க வேண்டும். பட்டை இல்லாத குஞ்சாக இருந்தால், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உள்நாட்டு இனமாக இருக்கக்கூடும் என்பதால், மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டுவிடுங்கள்.

அந்த டப்பா வேண்டாம். இன்று 3 செ.மீ. உள்ள ஓடு பிற்காலத்தில் 20 முதல் 30 செ.மீ. வரை வளரும் என்பதால், 80 லிட்டருக்குக் குறையாத கண்ணாடித் தொட்டியில் தொடங்குவது நல்லது. குளோரின் நீக்கிய தண்ணீரின் ஆழம் ஓட்டின் அகலத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான், கவிழ்ந்த குஞ்சு தானே புரண்டுகொள்ளும். வடிகட்டி அவசியம், நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது, குளிர்சாதன அறையில் வைத்தாலொழிய.

பலர் கோட்டைவிடுவது வெயிலில்தான். உடல் முழுவதும் காய ஏறி அமர ஒரு மேடையும், ஓடு உறுதியாக வளர, அதன்மேல் புற ஊதா பி (UVB) விளக்கும் வேண்டும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டியை நேரடி வெயிலில் வைத்தாலோ, தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடேறிக் குஞ்சுகள் செத்துவிடும். ஓட்டின் விளிம்பு சற்று நெகிழ்வது குஞ்சுகளுக்கு இயல்பு. நாளாக நாளாக மேலும் மென்மையானால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆமை உருண்டைத் தீவனத்தோடு நறுக்கிய கங்குங் கீரையும் போடலாம். சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள். வளர்க்க முடியாமல் போனாலும், கெக் லோக் சி கோயில் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். பொறுப்பாக வளர்ப்பவரைத் தேடிக் கொடுங்கள்.