தாத்தா சிறையிருந்த மூன்றரை ஆண்டுகள்: எங்கே தேடுவது?

கேள்வி: அம்மாவின் அப்பா 1940இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் சேர்ந்தவர். சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, 1945 கடைசியில்தான் வீடு திரும்பினார். 1988இல் இறக்கும்வரை அந்த நாட்களைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. எங்களிடம் இருப்பவை அவருடைய டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், மூன்று மெடல்கள், அவரைக் காணவில்லை என்று பாட்டிக்கு வந்த ஒரு கடிதம். இடது முழங்காலுக்குக் கீழே ஆழமாகக் குழிந்த தழும்பு ஒன்று அவருக்கு இருந்தது. தாத்தா நேதாஜி படையில் இருந்தவர் என்று மாமா எல்லோரிடமும் சொல்லி வருகிறார். தாத்தாவின் தம்பி வீட்டிலோ, 'சேர மறுத்ததால்தான் ஜப்பான்காரன் ஏதோ தீவுக்குக் கொண்டுபோனான்' என்கிறார்கள். அம்மா, 'அவரே சொல்லாததை நீ ஏன் கிளறுகிறாய்?' என்கிறார். தேடலாமா? தேடினால் எங்கே?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

தேடுங்கள். அம்மா சொன்னதையும் ஒதுக்கிவிடாமல் தேடுங்கள். அவருடைய தயக்கத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

ஐஎன்ஏவில், அதாவது நேதாஜி படை என்று நாம் சொல்லும் இந்திய தேசிய ராணுவத்தில், இருந்தாரா, இல்லையா என்ற வழக்கு உங்கள் வீட்டில் நெடுநாளாக நடக்கிறது. அந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடப் போனால், உங்கள் பக்கத்துக்குச் சாதகமான காகிதம் மட்டும்தான் கண்ணில் படும். அதை ஓரமாக வைத்துவிட்டு, 1942 பிப்ரவரியிலிருந்து 1945 ஆகஸ்ட் வரை தாத்தா எந்த மாதம் எந்த இடத்தில் இருந்தார் என்று தேடுங்கள். இடம் பிடிபட்டுவிட்டால் மற்ற கேள்விகளுக்கும் வழி திறக்கும்.

முதல் வேலை மெடல்களைப் பார்ப்பது. தயவுசெய்து புளியோ பிராசோவோ போட்டுத் தேய்க்காதீர்கள். இரண்டாம் உலகப் போர் மெடல்களில் இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். வட்ட மெடலில் அதன் விளிம்பிலும், நட்சத்திர வடிவ மெடலில் பின்பக்கத்திலும் இருக்கும். மெல்லிய எழுத்து, தேய்த்தால் போய்விடும். ஜன்னலோரம் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றில் ஒன்று பசிபிக் ஸ்டார் என்றால், 1941 டிசம்பர் 8க்கும் 1942 பிப்ரவரி 15க்கும் இடையே மலாயாவிலோ சிங்கப்பூரிலோ போரில் இருந்தார் என்பதோடு அது பொருந்தும்.

அந்தப் படை எண்தான் உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். நம் தாத்தாக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பட்டாள குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்; ஒரே ஆள் ஒரு காகிதத்தில் முனுசாமி, இன்னொன்றில் முனிசாமி, வேறொன்றில் வெறும் சாமி. அதே பெயரில் அதே படையில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். எண் மட்டும் ஒருவருக்கு ஒன்றுதான். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டிலும் அது இருக்கும். அதிலேயே, படையிலிருந்து விடுவித்த காரணம் என்று ஒரு வரியும் இருக்கும். அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய காகிதத்தை லாமினேட் செய்ய வேண்டாம். பிறகு பிரிக்கவே முடியாது. அசலை யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம், 'நான் விசாரித்துத் தருகிறேன்' என்று பணம் கேட்டு வருகிறவரிடம் நிச்சயமாக வேண்டாம்.

இனி, அந்த மூன்றரை ஆண்டுகளில் என்ன நடந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று புரியும். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தது. இரண்டே நாளில், பிப்ரவரி 17 அன்று, பிடிபட்டவர்களில் இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். 40,000க்கும் மேற்பட்டவர்கள். அங்கே பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா, ஏற்கெனவே ஜப்பானியர் பக்கம் போயிருந்த பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரி கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிங்கப்பூரிலேயே சாங்கி முகாமுக்குப் போனார்கள். இந்தியர்கள் நீ சூன், பிடாதாரி, டயர்சால், செலத்தார், கிராஞ்சி என்று வேறு முகாம்களுக்குப் போனார்கள். சாங்கிக் கைதிகள் பட்டியலில் தாத்தா பெயரைத் தேடிவிட்டு 'இல்லையே' என்று சோர்ந்துபோகிற குடும்பங்கள் பல. அவர் அங்கே இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

முகாமிலிருந்து பாதைகள் பிரிந்தன. சிலர் மோகன் சிங் தலைமையில் முதல் ஐஎன்ஏவில் சேர்ந்தார்கள். அது 1942 டிசம்பரில் கலைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு மறுபடி உருவான படையில் சிலர் சேர்ந்தார்கள். முதலில் சேர்ந்து இரண்டாவதில் சேராதவர்களும் உண்டு. மறுத்தவர்களில் பல்லாயிரம் பேரைக் கப்பலில் அடைத்து ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கூலிவேலைக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலேயே கப்பலோடு மூழ்கியவர்கள் உண்டு. 1943 ஜனவரியில் புயோ மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி தாக்கியபோது அதில் இருந்த இந்தியக் கைதிகள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். கரை சேர்ந்தவர்களைப் பசியும் மலேரியாவும் அடியும் தின்றன. எனவே தாத்தாவின் தம்பி வீட்டார் சொல்லும் 'ஏதோ தீவு' கட்டுக்கதையாக இருக்க வேண்டியதில்லை. மாமா சொல்வதும் அப்படித்தான். 1942இல் சேர்ந்து, 1943இல் விலகி, தீவுக்குப் போனவராக இருந்தால் இரண்டு வீட்டாரும் ஆளுக்குப் பாதி உண்மையை வைத்திருக்கிறீர்கள்.

காலில் இருந்த தழும்பைப் பற்றி: வெப்பமண்டலப் புண் என்று மருத்துவர்கள் சொல்லும் புண் அந்த முகாம்களில் பரவலாக இருந்தது. சின்னக் கீறலில் தொடங்கி எலும்புவரை அரிக்கும். ஆறினாலும் குழி நிற்கும். தாத்தாவுக்கு இருந்தது அதுவாக இருக்கலாம். ஆனால் அதை வைத்து எந்த ஊர் என்று சொல்ல முடியாது. தழும்பு என்றதும் பலர், ஜப்பானியர் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குத் தாவிவிடுகிறார்கள். அங்கே மடிந்த தமிழர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள். போர்க்கைதிகளாக அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் படையினர்.

இப்போது கதவுகள். மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், தலைமையிடம் பெங்களூரு. அதன் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் படை எண்ணோடு, வாரிசு என்பதற்கான சான்றை இணைத்து எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். தனிநபர் தகவல் என்று மறுத்தால், சட்டத்தின் 8(3) பிரிவைச் சுட்டிக்காட்டலாம்: 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளுக்குப் பெரும்பாலான விலக்குகள் செல்லாது. 'முழு விவரம் தருக' என்று கேட்காதீர்கள். சேர்ந்த தேதி, 1941இல் இருந்த கம்பெனி (படைக்குள் அவருடைய சிறு பிரிவு), காணவில்லை என்று பதிவான தேதி, மீட்கப்பட்ட இடமும் தேதியும், விடுவித்த காரணம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு உதவித்தொகை கொடுத்துவருகிறது. பாட்டி அதற்கு எப்போதாவது மனுப் போட்டிருந்தால் அங்கே ஒரு கோப்பு இருக்கும், அதில் தாத்தாவின் பணி விவரமும் இருக்கும்.

கம்பெனி பெயர் தெரிந்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தவர்களைத் தேடலாம், கட்டணம் இல்லை. 'தாத்தா உயிரோடு வந்தவராயிற்றே' என்று நினைக்க வேண்டாம். நீங்கள் தேடப்போவது அவருடைய தோழர்களை. அதே கம்பெனியைச் சேர்ந்த சாப்பர்கள் எந்தத் தேதியில் இறந்தார்கள், எங்கே நினைவுகூரப்படுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். 1944இல் இறந்த பலர் நியூ பிரிட்டனில் ராபௌல் நகருக்குப் பக்கத்துப் பிட்டா பாக்கா கல்லறையிலோ, நியூ கினியின் லே கல்லறையிலோ இருந்தால், அந்தக் கம்பெனி எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துவிடும். பல பதிவுகளில் 'இன்னாரின் மகன், இந்தக் கிராமம், இந்த மாவட்டம்' என்றும் இருக்கும். அந்த வரிகளை வாசிக்கும்போது மனம் கனக்கும். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீவுப் பக்கம் சாய்ந்தால் அடுத்துப் போக வேண்டியது ஆஸ்திரேலியாவுக்கு, இணையம் வழியாகத்தான். 1945இல் அங்கே இந்தியர்களை மீட்டது ஆஸ்திரேலியப் படை. மீட்கப்பட்ட இந்தியர்களின் புகைப்படங்கள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. ராபௌலில் நடந்த போர்க்குற்ற விசாரணைக் கோப்புகள் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் மின்வடிவில் கிடைக்கின்றன. அவற்றில் இந்தியச் சிப்பாய்களின் வாக்குமூலங்கள் உண்டு. அந்த விசாரணைகளில் ஜப்பானியத் தரப்பு, 'இவர்கள் கைதிகளே இல்லை, எங்கள் படையோடு சேர்ந்த வேலையாட்கள்' என்று வாதிட்டது. போர்க்கைதிகள் குறித்த 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திட்டது, ஆனால் உறுதிப்படுத்தவில்லை. ஆகவே ஜெனீவாவில் உள்ள செஞ்சிலுவைச் சங்க ஆவணத்தில் தாத்தா பெயர் இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம். அங்கும் விண்ணப்பித்து வையுங்கள். ஆண்டு முழுவதும் வாங்க மாட்டார்கள். குறிப்பிட்ட நாட்களில் திறந்து, எண்ணிக்கை நிறைந்ததும் மூடிவிடுவார்கள்.

ஐஎன்ஏ பக்கம் சாய்ந்தால் டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அதன் 'அபிலேக் படல்' தளத்தில் ஐஎன்ஏ கோப்புகளைத் தேடலாம். இங்கே மாமாவுக்கு ஒரு எச்சரிக்கை: பட்டியலில் பெயர் கண்டதும் கொண்டாடிவிட வேண்டாம். நேதாஜி படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். அதே பெயர் அவர்களில் ஒருவருடையதாக இருக்கலாம். பழைய படை எண்ணோ கம்பெனியோ சேர்ந்து வந்தால்தான் அவர் உங்கள் தாத்தா. 1945இல் திரும்பியவர்களைப் பிரிட்டிஷார் விசாரித்து, தங்களுக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தார்கள் என்பதை வைத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகை பிரித்தார்கள். கறுப்பில் விழுந்தவர்களைச் சம்பளப் பாக்கி இல்லாமல் நீக்கினார்கள். டிஸ்சார்ஜ் காரணத்தை எழுத்துக்கு எழுத்து எழுதச் சொன்னது இதற்காகத்தான். தியாகிகள் பென்ஷன் 1972இல் தொடங்கியது; தாத்தா அதை வாங்காததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எந்த முடிவு வந்தாலும், சேர்ந்தவர் வீரர், சேராதவர் அடிமை என்றோ, இவர் விசுவாசி, அவர் துரோகி என்றோ வீட்டில் யாரும் பேச இடம்கொடுக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். நாடு விடுதலையாக வேண்டும் என்ற நெருப்போடு சேர்ந்தவர்கள் இருந்தார்கள். தன் ஆட்களைத் தீவுக்கு அனுப்பாமல் காப்பாற்றச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். மறுத்தவர்களைப் பிடாதாரியில் தனியே அடைத்துத் துன்புறுத்தியதாக, ஐஎன்ஏ அதிகாரிகள் மீது டெல்லிச் செங்கோட்டையில் நடந்த வழக்கில் சாட்சிகள் சொன்னார்கள். எடுத்த உறுதிமொழியை மீற மாட்டேன் என்று பட்டினி கிடந்து செத்தவர்களும் நம் பிள்ளைகள்தாம். இருபது வயதுப் பையன் முள்வேலிக்குள் எடுத்த முடிவுக்கு நாம் மதிப்பெண் போடும் இடத்தில் இல்லை.

இதே தேடலில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டவர் என்றால் அது வேறு கதை: இத்தாலியில் அவெட்சானோ, பிறகு ஜெர்மனியில் அன்னாபுர்க், பிரான்ஸில் எபினால் என்று வேறு முகாம்கள். அந்தப் பக்கத்துக் கைதிகளின் விவரம் ஜெனீவாவில் கிடைக்க வாய்ப்பு அதிகம். முதல் உலகப் போரில், 1916 ஏப்ரலில் இன்றைய இராக்கில் உள்ள கூட் நகரம் விழுந்தபோதோ வேறு எங்கோ பிடிபட்டவர் என்றால், செஞ்சிலுவைச் சங்கத்தின் கைதி அட்டைகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன.

அம்மாவிடம் வருகிறேன். அவருடைய பயம் என்னவென்று முதலில் கேளுங்கள். அப்பா மறைத்தது அவமானமாக இருக்குமோ என்ற பயமாக இருக்கலாம். அப்பாவின் விருப்பத்தை மீறுகிறோமே என்ற வருத்தமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பதில் வேறு. முதல் கடிதத்தைப் போடும் முன்பே, 'என்ன கிடைத்தாலும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன், நீங்கள் சரி என்றால்தான் மாமாவுக்கு' என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். தாத்தாவின் துன்பத்தை அவரிடம் கேட்காதீர்கள். சுற்றியிருந்தவற்றைக் கேளுங்கள்: தாத்தா இல்லாத நாட்களில் மணியார்டர் வந்ததாகப் பாட்டி சொன்னதுண்டா, எப்போது நின்றது? திரும்பி வந்தபோது எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்? யார் கூட வந்தார்? பட்டாளத்துச் சினேகிதர் என்று யாராவது வீட்டுக்கு வந்ததுண்டா, எந்த ஊர்க்காரர்? தாத்தாவின் தம்பி வீட்டிலும் இதையே கேளுங்கள், மாமா இல்லாத நேரத்தில். அங்கே எண்பதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் பெங்களூருக்குக் கடிதம் எழுதும் முன்பே அவரைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.