பழைய பைப்பர் கப் விமானத்தை அந்தக் காலத்துப் பாகங்களைக் கொண்டே சீரமைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பைப்பர் ஜே-3 கப் 1938 முதல் 1947 வரை அமெரிக்காவில், முக்கியமாக பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் ஊரில், ஏறத்தாழ 20,000 செய்யப்பட்டது. அதனால் 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின்கூடத் தேடினால் கிடைக்கும். பெட்ரோல் அளவு காட்ட, டேங்க் மூடி வழியே நீட்டி நிற்கும் கம்பியும் அதன் அடியில் மிதக்கும் தக்கையும்தான். அதை மாற்றவே மாற்றாதீர்கள், விமானத்தின் அழகே அதில் இருக்கிறது.

விமானத்தின் மேல் போர்த்தும் துணி விஷயம் வேறு. அன்று பருத்தித் துணி போர்த்தி, துணியை இறுக்கி விறைப்பாக்கும் டோப் என்ற பூச்சைப் பூசினார்கள். பருத்தி வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். நைட்ரேட் டோப் எளிதில் தீப்பிடிக்கும். நான் பாலியஸ்டர் துணியைத்தான் சொல்வேன்.

அப்புறம், பழைய துணியைப் பிரித்ததும் உள்ளிருக்கும் எஃகுச் சட்டத்தில் வால் பக்கத்து அடிக்குழாய்களைப் பாருங்கள். ஈரம் அங்கே தேங்கி உள்ளுக்குள்ளேயே துரு ஏறும். அசல் குழாய் என்பதற்காக அதை விட்டுவைக்காதீர்கள். வெட்டி எடுத்துப் புதுக்குழாய் வெல்டிங் செய்யவேண்டும்.