கலுங்கை ஓர் அடி உயர்த்தலாமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடும் கல்கட்டான கலுங்கு 30 அடி நீளம். ஐப்பசி மழையில் நிரம்பி வழிந்து குடியிருப்புக்குள் தண்ணீர் வருகிறது. கலுங்கின் மேல் ஓர் அடிக்கு சிமென்ட் சுவர் வைத்தால் தண்ணீரும் தேங்கும், வெள்ளமும் குறையும் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: வேண்டாம். தண்ணீர் தேங்கும், கூடவே ஆபத்தும் ஏறும். நிரம்பிய பிறகு கண்மாயோ தடுப்பணையோ வெள்ளத்தைப் பிடித்து வைக்காது. வருவதெல்லாம் வெளியே போயாக வேண்டும். கலுங்கின் மேல் 2 அடி உயரத்துக்கு வழிந்தால் நொடிக்குச் சுமார் 260 கன அடி போகும். அதே நீர்மட்டத்தில் ஓர் அடியைச் சுவர் மறைத்துவிட்டால் போவது 93 கன அடிதான். மிச்சத் தண்ணீர் கரை மேல் ஏறும். மண் கரை மேல் வழிய ஆரம்பித்தால் உடைப்பெடுக்க அதிக நேரம் ஆகாது.

தண்ணீர் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. வானம் பார்த்த பூமி இது. அதற்குப் பழைய கலுங்குகளிலேயே வழி உண்டு. மேலே வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கின்றனவா, பாருங்கள். பெருமழை முடியும்வரை அவற்றின் இடைவெளி திறந்தே கிடக்க வேண்டும். மார்கழியில் மழை ஓய்ந்ததும் பலகை செருகிக் களிமண் பூசினால் அந்தக் கூடுதல் தண்ணீர் கிடைக்கும். திரும்ப மழை பிடித்தால் பலகையைப் பிடுங்கிவிடலாம். சிமென்ட் சுவரை என்ன செய்வீர்கள்?

கலுங்கிலிருந்து கடல் வரை ஓடையை ஒருமுறை நடந்து பாருங்கள். சீமைக்கருவேலம் அடைத்திருக்கும், முகத்துவாரத்தில் மணல் மூடியிருக்கும். இரண்டையும் புரட்டாசிக்குள் வெட்டி விடுங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறையிடமும், குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்திலும் அனுமதி கேளுங்கள்.

கேள்வி: கண்மாய்க் கரையின் வெளிப்பக்கம் அடியில் தண்ணீர் கசிகிறது. களிமண் வைத்து அடைக்கலாமா?
— வாசகர், திருப்புல்லாணி

பதில்: முதலில் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக வந்தால், அளவு கூடுகிறதா என்று தினமும் கவனித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள் மண் அரிக்கிறது. பட்டுப்போன கருவேல வேர்த் தடமோ எலி வளையோ காரணமாக இருக்கலாம். வெளிப்பக்கம் அடைத்தால் பக்கத்தில் வேறு இடத்தில் பீறிடும். கசிவின் மேல் அரை அடி பருமணல், அதன் மேல் அரை அடி சல்லி, மேலே கனமான கல் என்று அடுக்குங்கள். தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது. களிமண் அடைப்பு, தண்ணீர் நிற்கும் உள்வாய்ப் பக்கம்தான். அதுவரை மடையைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கி வையுங்கள். இரவில் ஆள் போட்டுக் கரையைப் பாருங்கள்.